கொட்டாங்குச்சியில் விளையாடலாமா?

(கோவையில், குடியிருப்புகளில் மாலைப் பள்ளி நடத்தும் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பைப் பார்த்த ஒரு தோழர் கேட்டார்: "பஞ்சமி நிலம் பேசறோம், ஆணவக் கொலை பேசறோம், உள் ஒதுக்கீடு பேசறோம். நடுவுல பால்வாடிப் பிள்ளைங்க விளையாட்டைப் பத்திப் பேச என்னங்க இருக்குது?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. இயக்கத்தில் இருக்கிற பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விளையாட்டு என்றால் வேலையெல்லாம் முடிந்து மிச்சமிருக்கிற நேரத்தில் செய்வது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பொம்பளைங்க சமாச்சாரம். இந்த இரண்டு எண்ணமும் சேர்ந்துதான் 4 வயசுப் பிள்ளையை நம் அரசியலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றன.

அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதம் 2009இல் சட்டமானது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. எத்தனை வருஷப் போராட்டம் அது! ஆனால் அந்த 3 சதவீதம் கைக்கு எட்டுவது பன்னிரண்டாவதைத் தாண்டி வந்தவர்களுக்கு. அதற்கு வெகு முன்னாலேயே நம் பிள்ளைகளைச் சலித்துக் கொட்டுகிற சல்லடை ஒன்று வேலை செய்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாசம் 'இதுக்குப் படிப்பு ஏறாது' என்று ஓரமாக உட்கார வைக்கப்படுகிற பிள்ளை யார் என்று போய்ப் பாருங்கள். பென்சில் பிடிக்க வராது. கேட்டால் பதில் சொல்லாது, தலையைக் குனிந்துகொள்ளும். மூளை மட்டம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். 3 வயசிலிருந்து 5 வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் இலவசக் கல்வியின் வரம்பைச் சுருக்கும் திருத்தம் ஒன்று வந்தது. பாபாசாகேப் அதை ஏற்கவில்லை. 14 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு பிரிவில் எழுதியிருக்கிறோம், அப்படியானால் அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு கல்விக்கூடத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அப்படி வந்த 45ஆவது பிரிவு, 14 வயசு முடிகிற வரைக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று சொன்னது. எந்த வயசிலிருந்து என்று அதில் கிடையாது. ஆக, 3 வயசுப் பிள்ளையும் அதற்குள் இருந்தது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வரைக்கும் அடிப்படை உரிமை என்று கொடுத்த அதே திருத்தம், 6 வயசுக்குக் கீழே இருப்பவர்களை 'அரசு முயலும்' என்ற வாசகத்துக்குள் தள்ளிவிட்டது. காசிருப்பவன் பிள்ளைக்கு ப்ரீ-கேஜி, எல்கேஜி, யுகேஜி. நம்ம பிள்ளைக்கு அரசின் முயற்சி. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது. அதன் 31ஆவது பிரிவு விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. ஏற்றதோடு சரி.

'அதான் பால்வாடியில சோறு போடறாங்களே, முட்டை போடறாங்களே, பத்தாதா?' என்று கேட்பவர்கள் நம்மிலேயே உண்டு. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலையில் தமிழ்நாட்டில் சத்துணவு வந்தது. இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தச் சோறு இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளில் 25 சதவீதம் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்தக் குட்டையான பிள்ளைகளுக்குச் சோறு மட்டும் போதுமா என்று சோதித்துப் பார்த்த ஒரு ஊர் இருக்கிறது. ஜமைக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாரிசுகள் வாழும் தீவு.

1986-87இல் அதன் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்தார்கள். எல்லாம் 9 மாசத்திலிருந்து 2 வயசு வரை. அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சத்து உணவு. இன்னொன்றுக்கு விளையாட்டு. மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. அதே பகுதியைச் சேர்ந்த சுகாதார ஊழியப் பெண் ஒருத்தர் வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவார். கிடைக்கிற பொருளில் செய்த பொம்மைகளை வைத்து, எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்கும் பிள்ளைக்கும் காட்டுவார். பொம்மையை விட்டுவிட்டுப் போவார், அடுத்த வாரம் வேறு கொண்டு வருவார். இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். குன்றாமல் வளர்ந்த பிள்ளைகளோடு சமமாக வந்து நின்றுவிட்டார்கள். உணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சோறு உடம்பை நிறுத்தும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு கேட்க, பேச, எண்ண, எதிர்த்துக் கேட்க, அதற்கு இன்னொன்று வேண்டியிருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், மந்திரம் ஒன்றும் கிடையாது. 4 வயசுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை. மரம் ஏறி, தொங்கி, ஓடி, தோளும் முதுகும் உறுதியானால்தான் விரலுக்குப் பிடிமானம் வரும். மண் பிசைவது, காகிதம் கிழிப்பது, புளியங்கொட்டை பொறுக்குவது எல்லாம் எழுதுவதற்கான பயிற்சிதான். பல்லாங்குழியில் நாலு நாலாகப் போடுகிற பிள்ளைக்குக் கணக்கு வாயால் சொல்லித் தர வேண்டியதில்லை. சொப்பு வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்குகிறபோது, இல்லாத அரிசியை இருக்கிற அரிசியாக நினைக்கிறது பாருங்கள், அங்கேதான் எழுத்து ஆரம்பிக்கிறது. 'அ' என்ற கோடும் இல்லாத ஒன்றுக்குப் பதிலாக நிற்கிற கோடுதானே. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் விளையாட்டைப் பற்றி ஒரு உரை ஆற்றினார். விளையாடும்போது பிள்ளை தன் உயரத்துக்கு மேலே ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்பது அதில் அவர் சொன்ன விஷயம். டாக்டராக விளையாடுகிற பிள்ளை டாக்டருக்குரிய பொறுமையை வரவழைத்துக்கொள்கிறது, அழாமல் தன் முறைக்குக் காத்திருக்கிறது. அடித்தாலும் வராத ஒழுங்கு அது.

இதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் பொது. நம்ம பிள்ளைக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு வளவு. ஊர் பேர் வேண்டாம். மாலைப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்க, வாசலில் 4, 5 வயசுக் குஞ்சுகள் ஏழெட்டு டீக்கடை விளையாட்டு விளையாடின. கொட்டாங்குச்சிதான் டம்ளர், மண்ணும் தண்ணீரும்தான் டீ. ஒரு சின்னப் பெண் கடைக்காரி. வந்தவர்களுக்கெல்லாம் பலகையில் வைத்துக் கொடுத்தாள். ஒரு பையன் வந்ததும் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துத் தனியாகத் தரையில் வைத்து, "நீ அங்க உக்காந்து குடி, குடிச்சிட்டுக் கழுவி வெச்சிரு" என்றாள். அவனும் மறுபேச்சில்லாமல் தள்ளிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே வளவு, ஒரே சாதி, பங்காளி வீட்டுப் பிள்ளைகள்.

எங்கே பார்த்தாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது என்பார்கள். அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்கு மட்டும் பேப்பர் கப் என்று அது புது வேஷம் கட்டியிருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் நாம் அதை வழக்குப் போடவும் துண்டறிக்கை எழுதவும் வைத்திருக்கிறோம். அவள் அதை விளையாடிப் பார்க்கிறாள். விளையாடித்தான் அதைப் புரிந்துகொள்ள முயற்சி பண்ணுகிறாள்.

கூட வந்த ஒரு தோழர் கோபமாக எழுந்தார். அங்கே பொறுப்பில் இருந்த பெண், பன்னிரண்டாவது படித்தவர், அதே வளவுக்காரர், அவரைக் கையமர்த்திவிட்டுப் போய் அந்தப் பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஏனுங் கடைக்காரம்மா, எனக்கொரு டீ." அவருக்கும் தரையில் வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒழுகுதுங்களே. பலகை மேல இருக்குதே, அதையக் கழுவிட்டுக் குடுங்க" என்றார். கடைக்காரிக்குக் குழப்பம். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் பலகை மேல் இருந்ததைக் கழுவுவதுபோல் கழுவி, இரண்டு பேருக்கும் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த ஆசிரியை மறுநாள் நடந்ததையும் சொன்னார். அந்தப் பையன் கடைக்காரன் ஆகிவிட்டான். முதல் வேலையாக அவளுக்குத் தரையில் வைத்தானாம். மூன்றாம் நாள் டீக்கடை போய் விளையாட்டு பஸ் ஆகிவிட்டது. பஸ்ஸில் யார் முன் சீட்டு என்று சண்டை.

இதில் புரட்சி நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திட்டியிருந்தால் விளையாட்டு நின்றிருக்கும், அவள் பார்த்தது அவளுக்குள் அப்படியே கிடந்திருக்கும். இடம் மாறிப் பார்க்கலாம், கொடுப்பவனும் வாங்குபவனும் நிலையில்லை, 'இது ஒழுகுது, வேற குடு' என்று கேட்கலாம். இதை வயசுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் மூன்று நாள் முகாம் போடுகிறோம்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. கொட்டாங்குச்சியைப் பார்த்த ஒரு கிழவி சத்தம் போட்டது. "அதையத் தூக்கி வீசிப்போடு கண்ணு. எம்மாமியாளும் நானும் கெவுண்டரு வூட்டு வாசல்ல அதுலதான் குடிச்சோம். எம்பேத்தி கையில அது என்னத்துக்கு?" எல்லாப் பயிற்சிப் புத்தகங்களும் சொல்கின்றன: செலவில்லாத உள்ளூர்ப் பொருள், கொட்டாங்குச்சி, எவ்வளவு அருமையான விளையாட்டுச் சாமான்! எழுதியவர்களின் பாட்டி அதில் குடித்ததில்லை. நம் வளவில் ஒரு பொருள் வெறும் பொருளாக இருப்பதில்லை. அந்த மையத்தில் கொட்டாங்குச்சியை எடுத்துவிட்டு, சின்ன எவர்சில்வர் டம்ளர் பத்து வாங்கிப் போட்டார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், கிழவியை உட்கார வைத்துப் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லியிருக்கலாம், 5 வயசுப் பிள்ளைக்குத் தாங்குகிற அளவில். அதற்கு மறுப்பும் இருக்கிறது. அந்த வயசிலேயே அவமானத்தை ஏன் ஊட்ட வேண்டும் என்று அந்த ஆசிரியை கேட்டார். மதியம் விவாதத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதேபோல இன்னொரு பொருள் தப்பு. பறையை விடுதலைக் கலை என்று மேடையில் அடிக்கிறோம். சரி. ஆனால், "எம்பையன் சாவுக்கு அடிக்கக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடம் அனுப்பறேன், நீங்க அங்கியும் அதையே குடுக்கறீங்களா?" என்று ஒரு தாய் கேட்டால் அவளுக்குத் தத்துவ விளக்கம் சொல்லாதீர்கள். தாளம் பிள்ளைக்குத் தேவை. டப்பாவைத் தட்டினாலும் தாளம்தான், கை தட்டினாலும் தாளம்தான். தப்பு வேண்டுமா என்பதைத் தாய்மார் முடிவு செய்யட்டும்.

பெரும்பாலான பாலர் பள்ளிகளில் 'நமக்கு உதவுபவர்கள்' என்று ஒரு படம் மாட்டியிருக்கும். டாக்டர், போலீஸ், டீச்சர், கடைசியில் விளக்குமாறோடு துப்புரவுப் பணியாளர். மாறுவேடப் போட்டி வந்தால் டாக்டர் கோட்டு யாருக்குப் போகிறது, விளக்குமாறு யார் கைக்கு வருகிறது என்று கவனியுங்கள். ஒரு மையத்தில், 'அவங்கப்பா கார்ப்பரேசன்லதானே இருக்காரு, அவனுக்கு ஈஸியா வரும்' என்று சொல்லியே கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. கலர் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதை 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். யார் ஸ்கின்? அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி இதே நிறத்துக்குச் 'சதை நிறம்' என்று வைத்திருந்த பேரை 1962இல் மாற்றிவிட்டது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி 1940களில் 3 முதல் 7 வயசுக் கறுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை இரண்டையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று வந்த பிரௌன் வழக்குத் தீர்ப்பு அந்த ஆய்வையும் சுட்டியது. பொம்மை சின்ன விஷயமில்லை தோழர்களே.

பாலர் பள்ளியே பணக்காரச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு அதன் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். கிண்டர்கார்ட்டன் என்ற பேரை 1840இல் வைத்தவர் ஜெர்மனியின் ஃப்ரோபெல். 1851இல் பிரஷ்ய அரசு அதைத் தடை செய்தது. பிள்ளைகளை நாத்திகத்துக்கும் சோசலிசத்துக்கும் பழக்குகிறது என்று குற்றச்சாட்டு. 1860 வரைக்கும் தடை நீடித்தது. சின்னப் பிள்ளைகள் பந்தும் மரக்கட்டையும் வைத்து விளையாடுவதைக் கண்டு ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது! மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரியில் முதல் பள்ளியைத் தொடங்கியது ரோம் நகரில் சான் லோரென்ஸோ என்ற கூலிக்காரர் குடியிருப்பில். அப்பன் ஆத்தா வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிக் கட்டடத்தைக் கெடுக்கின்றன என்று கட்டட முதலாளிகள் அவற்றை ஒரு அறையில் அடைக்கப் பார்த்தார்கள். அந்த அறையில் பிறந்ததுதான் மாண்டிசோரி முறை. இன்றைக்குக் கோவையில் அவர் பேர் எந்தெந்த கேட்டில் எழுதியிருக்கிறது, உள்ளே போக என்ன ஃபீஸ் என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

'அங்கன்வாடி' என்ற சொல் எங்கே பிறந்தது தெரியுமா? தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி கிராமத்தில் பாலர் கல்வி மையம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குடியிருப்புப் பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லை. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி அங்கே போகட்டும் என்று அவர்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே நடத்தினார். அங்கன் என்றால் முற்றம். பின்னால் அனுதாய் வாகோடு சேர்ந்து கோஸ்பாட்டில் ஆதிவாசிகள் நடுவே அதை வளர்த்தார். ஆக, அங்கன்வாடி என்பதே நம்ம மாதிரி வாசலுக்கு வந்த பள்ளிக்கு வைத்த பேர். அதைக் கொண்டுபோய் ஊருக்குள், கோயில் பக்கத்தில் வைத்துவிட்டு 'காலனிப் பிள்ளைங்க வர்றதில்லைங்க' என்று பதிவேட்டில் எழுதினால் என்ன அர்த்தம்?

ஊருக்குள் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததே போதும். அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்தபிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. சமைத்த கைக்கே இப்படி என்றால், கையைக் கோர்க்கிற விளையாட்டுக்கு என்ன சொல்வார்கள்? தொட்டுப் பிடிக்கிற விளையாட்டில் தொடாமல் விளையாட முடியாது. வட்டமாக நின்று கை கோர்த்தால் பக்கத்தில் யார் என்று பார்க்க முடியாது. 17ஆவது பிரிவை 4 வயசில் நடைமுறைப்படுத்த இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. கும்மியும் வட்டம்தான். ஆனால் வள்ளிக் கும்மி மேடையில், சொந்த சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண் பிள்ளைகளை உறுதிமொழி சொல்ல வைத்த காணொளி 2024இல் வெளியே வந்ததே, பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தின் பலம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சரி, நம் வளவிலேயே விளையாடலாம் என்றால் இடம் எங்கே? மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. அந்தச் சுவருக்கும் வீடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று நேரில் போனவர்களுக்குத் தெரியும். வால்பாறை எஸ்டேட் லைன்களில் வாசலில் பிள்ளையை விடச் சிறுத்தைப் பயம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றது. அதில் பாயும் தொட்டிலும் இருந்தால் போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது. நம் அப்பன் தலைமுறைக்கு விளையாட்டிடம் ஆடு மேய்த்த காடுதான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியச் சிறுவர்களின் கதை. ஆட்டுக்குப் பின்னால் போகிற நேரத்தில் திருடித்தான் அந்தப் பிள்ளைகள் விளையாட வேண்டியிருக்கிறது.

இப்போது நம் ஆட்களைப் பற்றி. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து, கடன் வாங்கி, மஞ்சள் வேனில் பிள்ளையை எல்கேஜி அனுப்புகிற தாய்க்கு 'விளையாட விடுங்க' என்றால் கோபம் வரும். வரத்தான் செய்யும். 'கெவுண்டமாரு பிள்ள ஏபிசிடி எழுதுது, எம்பிள்ள மட்டும் மண்ணுல விளையாடோணுமா?' அவளுக்கு எழுத்து என்றால் மானம். அதை நாம் ஏளனம் செய்ய முடியாது. ஆனால் 3 வயசில் நாலு கோட்டு நோட்டு எழுத வைப்பது அவளை ஏமாற்றுகிற வியாபாரம். நம் மாலைப் பள்ளிகள் சிலவற்றிலும் அதே நாலு கோட்டு நோட்டைப் பார்த்தேன். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022இல் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். வைத்த தற்காலிக ஆசிரியைகளுக்கு மாசம் 5,000 ரூபாய். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று அங்கன்வாடிக்கு நல்ல பாடத்திட்டமே தமிழில் இருக்கிறது. அதை நடத்த வேண்டிய டீச்சரோ எடை பார்த்து, கணக்கெடுத்து, செல்போனில் பதிவேற்றி, வாக்காளர் பட்டியலுக்கும் அலைகிறார். அவர் ஊழியர்கூட இல்லையாம், மதிப்பூதியம் வாங்கும் சேவகராம். பணிக்கொடைக்கு அவர் தகுதியானவர் என்று சொல்லவே உச்ச நீதிமன்றத்துக்கு 2022 ஏப்ரல் வரைக்கும் ஆனது. அவரோடு சண்டை போடாதீர்கள், அவருக்காகச் சண்டை போடுங்கள்.

யார் நடத்துவது என்பதில் நமக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1965இல் அமெரிக்க அரசு ஏழைப் பிள்ளைகளுக்கு 'ஹெட் ஸ்டார்ட்' என்ற திட்டம் கொண்டு வந்தது. மிசிசிப்பி மாகாணத்தில் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் அந்தப் பணத்தை வாங்கி, கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் கிடைத்த வீடுகளிலும் அந்தக் கோடையில் சுமார் 6,000 பிள்ளைகளுக்கு மையங்கள் நடத்தினார்கள். ஆசிரியைகள் யார்? பருத்தி பொறுக்கிய, வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்த்த தாய்மார்கள். வெள்ளை முதலாளியை நம்பாத சம்பளம் அவர்களுக்கு முதல் தடவையாகக் கிடைத்தது. செனட்டர் ஸ்டென்னிஸ் கொதித்தார். 1966இல் நிதியை நிறுத்தினார்கள், போராடித் திரும்ப வாங்கினார்கள். பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் தாய்மார் கூடினார்கள், கூடியவர்கள் ஓட்டுரிமை பற்றியும் பேசினார்கள். செனட்டருக்கு எரிந்தது அதில்தான்.

நாம் செய்யக்கூடியதில் முதலாவது, கணக்கெடுப்பு. 2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லாத் தலித், பழங்குடிக் குடியிருப்புகளிலும் அங்கன்வாடி வேண்டும் என்றது. 2006 டிசம்பர் தீர்ப்பில், 6 வயசுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட மூன்று மாசத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றது. உங்கள் வளவில் எத்தனை பிள்ளைகள்? பேர், பிறந்த தேதியோடு எழுதி, தாய்மார் கையெழுத்தோடு மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

மையம் வருகிற வரைக்கும் மாலைப் பள்ளியில் 5 வயசுக்குக் கீழே இருப்பதற்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். காசு வேண்டாம். சோளத்தட்டில் வண்டி செய்யத் தெரிந்த தாத்தா ஒவ்வொரு வளவிலும் இருக்கிறார். நுங்கு வண்டி, பனையோலைக் காத்தாடி, பூவரசு இலைப் பீப்பி. திருப்பூரில் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மண் பிசையக் குளத்து வண்டல் நல்லது. ஆனால் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் வரைக்கும் அந்த மண்ணைத் தொடாதீர்கள், சாயக்கழிவு ஊறிய மண் அது. 3 வயசுக்குக் கீழே இருப்பது கையில் புளியங்கொட்டை, கோலிக்குண்டு கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும். கதை சொல்லும்போது ராஜா கதையே சொல்லாதீர்கள். செருப்புத் தைத்த தாத்தா எப்படித் தோலைப் பதம் பார்த்தார் என்பதும் கதைதான், அதில் எண்ணும் அளவும் இருக்கிறது. பிள்ளை படம் வரைந்தால் 'இது என்ன மாடா?' என்று கேட்காதீர்கள். அதுவே சொல்லும்வரை காத்திருங்கள். முக்கியமாக, எல்லாப் பிள்ளைகளையும் 'வாங்க, சொல்லுங்க' என்று கூப்பிடுங்கள். ஊருக்குள் அவர்களைவிடச் சின்னது அவர்கள் தாத்தாவைப் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்கிற காதுகள் அவை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உரை எதுவும் கிடையாது. திருப்பூர்த் தோழர்கள் இரண்டு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டு வந்திருக்கிறார்கள். ஊசி நூலும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பொம்மை தைக்க வேண்டும், கறுப்பிலும் பழுப்பிலும். ஆண் தோழர்கள் முதல் வரிசையில் உட்காருங்கள்.